மெடூசா படத்தைப் புத்தகத்தில் போட வேண்டுமா? உரிமை, செலவு, காலக்கெடு: ஒரு வழிகாட்டி

கிரேக்கப் புராணக் கதைகளைத் தமிழில் எழுதுகிறீர்கள், அல்லது மொழிபெயர்த்து முடித்துவிட்டீர்கள். அடுத்த கேள்வி அட்டைப்படம். பாம்புகள் நெளியும் கூந்தலோடு மெடூசாவின் தலை ஒன்று ரேப்பரில் இருந்தால் புத்தகம் கடையில் கண்ணில் படும் என்று பதிப்பாளர் சொல்வார். டிசைனர் கூகுளில் தேடி ஐந்து நிமிடத்தில் ஒன்றை எடுத்து வைத்துவிடுவார். "நானூறு வருஷத்துக்கு முந்தின ஓவியம் சார், யார் வந்து கேட்கப்போறாங்க?"

அவர் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதியை ஒரு சிறு பதிப்பகத்தின் கதைத் தொகுப்புக்குப் படம் சேர்க்க அலைந்தபோது கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டேன். எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கவில்லை, அதனால் எழுதி வைக்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. பெரிய தொகை புரளும் வேலையென்றால் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

அலைச்சலில் தெரிந்துகொண்டதில் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு படத்தின் மேல் ஆசைப்பட்டுவிட்டு அதற்கு அனுமதி தேடி ஓடாதீர்கள். அனுமதி ஏற்கெனவே திறந்து கிடக்கும் இடத்துக்குப் போய் அங்கே படம் தேடுங்கள். மெடூசாவுக்குப் பஞ்சமே கிடையாது.

1. படைத்தவர் இறந்த ஆண்டைப் பாருங்கள்

இந்தியச் சட்டப்படி ஓவியம், சிற்பம் ஆகியவற்றின் பதிப்புரிமை, படைத்தவர் வாழ்நாள் முழுவதும், பிறகு 60 ஆண்டுகள். இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி முதல் தேதியிலிருந்து கணக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தில் அது 70. உங்கள் மின்னூல் வெளிநாட்டிலும் விற்குமென்றால் 70 என்றே வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தலைவலி இல்லை.

இந்தக் கணக்கில் தாராளமாகத் தேறுபவர்கள்: செல்லினி (1571), கரவாஜியோ (1610), ரூபன்ஸ் (1640), பெர்னினி (1680), கனோவா (1822), ஆர்னால்ட் பொக்லின் (1901), வின்சென்சோ ஜெமித்தோ (1929). பழைய கிரேக்கப் பானை ஓவியங்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

தேறாதவர்களில் ஒருவரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வாளும் கையுமாக நின்று, மறுகையில் பெர்சியஸின் தலையைப் பிடித்திருக்கும் மெடூசா சிற்பத்தை நீங்கள் இணையத்தில் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். புராணத்தில் மெடூசாவின் தலையை வெட்டுபவன் பெர்சியஸ். அந்தக் கதையைத் தலைகீழாக்கிய சிற்பம். பெண்ணியக் கட்டுரை என்றாலே அதைத்தான் போடுகிறார்கள். அது லூசியானோ கார்பாத்தி 2008இல் செய்தது. 2020 அக்டோபரில் நியூயார்க்கின் கலெக்ட் பாண்ட் பூங்காவில், குற்றவியல் நீதிமன்றத்துக்கு எதிரே அதன் வெண்கல வடிவத்தை நிறுத்தினார்கள். பார்க்கப் பழைய கிரேக்கச் சிலை மாதிரியே இருப்பதால் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். சிற்பி நம் காலத்தவர், உரிமை அவருடையது. எழுதிக் கேட்காமல் எடுக்கக் கூடாது.

இன்னொன்று, வெர்சாச்சே ஆடை நிறுவனத்தின் வட்டச் சின்னத்தில் இருக்கும் மெடூசா. அது வணிகச் சின்னம். புத்தக அட்டையில் பழைய சிலையின் படத்தைப் போடுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் புத்தக வெளியீட்டுக்கு டிசர்ட், துணிப்பை அடிக்கப்போகிறீர்கள் என்றால், வட்டமும் கிரேக்கக் கரை வேலைப்பாடும் சுற்றி மெடூசா தலையை வைக்க வேண்டாம் என்று டிசைனரிடம் சொல்லிவிடுங்கள்.

2. ஒரு படத்துக்குள் மூன்று உரிமைகள்

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். நீங்கள் இறக்கி வைத்திருக்கும் கோப்பில் படைப்பு, அதை எடுத்த புகைப்படம், படைப்பை வைத்திருக்கும் இடத்தின் விதி என மூன்று விஷயங்கள் இருக்கின்றன. முதலாவது காலாவதியாகி இருக்கலாம். மற்ற இரண்டும் உயிரோடு இருக்கலாம்.

தட்டையான ஓவியத்தை நேர் எதிரே நின்று அப்படியே நகலெடுத்த புகைப்படத்துக்குத் தனிப் பதிப்புரிமை கிடையாது என்று 1999இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று பிரிட்ஜ்மன் - கோரல் வழக்கில் சொன்னது. 2019ஆம் ஆண்டின் ஐரோப்பியப் பதிப்புரிமை நெறிமுறையின் 14ஆம் பிரிவும் ஏறத்தாழ அதே திசையில்தான் போகிறது.

சிலையின் கதை வேறு. எந்தக் கோணம், எங்கிருந்து வெளிச்சம், பின்னணியில் என்ன என்பதையெல்லாம் புகைப்படக்காரர் முடிவு செய்கிறார். ஆகவே சிலை இரண்டாயிரம் வருடப் பழசாக இருந்தாலும், நேற்று எடுத்த படத்தின் உரிமை எடுத்தவருடையது. இந்தியாவிலும் புகைப்படத்துக்கு எடுத்தவரின் ஆயுளும் அதற்குப்பின் 60 ஆண்டுகளும் உண்டு. மெடூசாவைத் தேடினால் வருவதில் பெரும்பகுதி சிலை என்பதால் இதை மறக்காதீர்கள்.

கரவாஜியோவின் மெடூசா இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும் விசித்திரம். புளோரன்ஸின் உஃபிசி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மரத்தில் செய்த, முன்புறம் புடைத்த கேடயத்தின் மேல் துணியை ஒட்டி வரைந்த ஓவியம் அது. 'தட்டையான ஓவியம்தானே' என்ற வாதம் இதற்கு எவ்வளவு தூரம் நிற்கும் என்று எனக்குச் சந்தேகம்தான்.

3. திறந்த வாசல்களில் முதலில் தேடுங்கள் (செலவு: பூஜ்யம்)

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 பிப்ரவரியில், தன்னிடமுள்ள, பதிப்புரிமை காலாவதியான படைப்புகளின் படங்களை 'சிசி ஜீரோ' (கிரியேட்டிவ் காமன்ஸ் ஜீரோ) என்ற உரிமத்தில் திறந்துவிட்டது. விற்பனைக்கும் பயன்படுத்தலாம், கேட்க வேண்டாம், பெயர்கூடப் போட வேண்டிய கட்டாயமில்லை. லாஸ் ஏஞ்சலிஸின் கெட்டி அருங்காட்சியகம் 2013இலிருந்தும், கிளீவ்லண்ட் அருங்காட்சியகம் 2019இலிருந்தும், ஸ்மித்சோனியன் 2020இலிருந்தும் இதேபோல் தருகின்றன. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்திலும் பழைய அச்சோவியங்கள் ஏராளம்.

மெட்ரோபாலிட்டனில் எனக்குப் பிடித்தவை மூன்று.

ஒன்று, கிளெய்தியாஸ், எர்கோதிமோஸ் என்ற பழங்கிரேக்கக் கலைஞர்கள் கையெழுத்திட்ட சுடுமண் தாங்கி. உள்ளங்கையில் அடங்கும் பொருள். நாக்கை நீட்டிக்கொண்டு, கோரைப்பல் தெரிய நேராக நம்மைப் பார்க்கும் கோர்கன் முகம் (மெடூசா ஒரு கோர்கன், அதாவது பாம்புக் கூந்தல் அரக்கி). கறுப்பு வெள்ளையில் அச்சடித்தாலும் கோடுகள் எடுப்பாக வரும். அத்தியாயத் தலைப்புகளுக்கு அருமையாகப் பொருந்தும்.

இரண்டு, பொலிக்னோட்டஸ் வரைந்ததாகக் கருதப்படும் பெலிகே வகைச் சாடி, கி.மு. 450-440. இதில் மெடூசா தூங்கிக்கொண்டிருக்கிறாள். கோரைப்பல் இல்லை, நீட்டிய நாக்கு இல்லை. சாதாரண இளம்பெண்ணின் அழகான முகம். பெர்சியஸ் அவள் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு, முகத்தைத் திருப்பி அதீனா தேவியைப் பார்க்கிறான். அவன் தலையைச் சுற்றிக் கதிர்கள். உங்கள் புத்தகம் மெடூசாவின் பக்கம் நின்று பேசுகிறதென்றால் இதைவிடப் பொருத்தமான படம் எனக்குத் தெரியாது.

மூன்று, கனோவாவின் பளிங்குச் சிற்பம், 'பெர்சியஸ் மெடூசாவின் தலையுடன்'. இங்கே ஒரு லாபம் இருக்கிறது. இதன் முதல் வடிவம் வாட்டிகனில். அதன் படத்தை வெளியிட வாட்டிகன் அருங்காட்சியகத்திடம் எழுதிக் கேட்க வேண்டும். அதே சிற்பத்தைக் கனோவா 1804-06இல் மறுபடி செதுக்கினார். அது நியூயார்க்கில் இருக்கிறது, படம் இலவசம். ஒரே சிற்பி, ஒரே சிற்பம், இரண்டு ஊர், இரண்டு விதி.

தேடும்போது:

- 'மெடூசா' என்று மட்டும் போடாதீர்கள். 'கோர்கன்', 'கோர்கோனியன்' (கோர்கன் தலை உருவம்), 'பெர்சியஸ்' என்று ஆங்கில எழுத்தில் தனித்தனியாகப் போடுங்கள். பானைகளும் நாணயங்களும் பெரும்பாலும் 'கோர்கோனியன்' என்ற பெயரில்தான் ஒளிந்திருக்கும்.
- தளத்தின் தேடலில் திறந்த அணுகல் (ஓபன் ஆக்சஸ்) வடிகட்டியை இயக்குங்கள். அருங்காட்சியகத்தின் எல்லாப் படமும் இலவசமில்லை. இருபதாம் நூற்றாண்டுப் படைப்புகள் பல பூட்டியிருக்கும்.
- படத்தை இறக்கியதும் அந்தப் பக்கத்தையே பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். தேதி, சேர்க்கை எண் (அருங்காட்சியகம் அந்தப் படைப்புக்குக் கொடுத்திருக்கும் எண்), உரிமக் குறி மூன்றும் தெரிய வேண்டும். அமேசான் கேடிபி போன்ற சுயவெளியீட்டுத் தளங்கள் உரிமைக்கு ஆதாரம் கேட்டால் இதுதான் கைகொடுக்கும்.

பெயர்க் குழப்பம் ஒன்று. கெட்டி அருங்காட்சியகமும் 'கெட்டி இமேஜஸ்' நிறுவனமும் வேறு வேறு. முன்னதில் ஜெமித்தோவின் வெள்ளி மெடூசா இலவசமாகக் கிடைக்கிறது. பின்னது காசு வாங்கும் கடை.

4. 'இலவசம்' என்று எழுதியிருப்பதன் அடிக்குறிப்பைப் படியுங்கள்

விக்கிமீடியா காமன்ஸ் தளம் படங்களின் பெரிய சுரங்கம்தான். ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் உரிமம் வேறு. 'சிசி பை' என்றால் புகைப்படக்காரர் பெயரும் உரிமத்தின் பெயரும் போட வேண்டும். 'எஸ்ஏ' சேர்ந்திருந்தால், படத்தை மாற்றி உருவாக்கும் புதுப் படத்தையும் அதே உரிமத்தில் விட வேண்டும். மெடூசா தலையை வெட்டி, நிறம் மாற்றி, எழுத்து சேர்த்து அட்டையாக்கினால் அந்த அட்டையை நாளைக்கு வேறொருவர் எடுத்துப் பயன்படுத்தும்போது நீங்கள் தடுப்பது கடினம். அட்டைக்கு எஸ்ஏ வேண்டாம் என்பது என் கட்சி. உள்ளே ஒரு பக்கத்தில் மாற்றாமல் போட்டால் பிரச்சினையில்லை.

'என்சி' என்றிருந்தால் வணிகப் பயன்பாடு கூடாது. பிரிட்டிஷ் மியூசியத்தின் இணையப் படங்கள் பெரும்பாலும் இந்த வகை. லூவ்ர் தளத்தின் படங்களும் வணிகமல்லாத பயன்பாட்டுக்குத்தான் இலவசம். "இருநூறு பிரதிதானே, லாபமே கிடையாது" என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். பின்னட்டையில் விலை அச்சடித்த நிமிடமே அது வணிகம் என்று எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

வெளிநாட்டில் இருக்கும் மச்சானை விட்டுப் படம் எடுத்து அனுப்பச் சொல்வது நம் ஊர் வழி. உரிமைச் சிக்கலில் பாதி அதோடு தீரும், ஆனால் இரண்டு நிபந்தனை. ஒன்று, எடுத்தவரிடம் மின்னஞ்சலிலாவது எழுத்துப்பூர்வமாகச் சம்மதம் வாங்குங்கள். இரண்டு, அருங்காட்சியகத்தின் பார்வையாளர் விதியைப் படியுங்கள். 'சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்று பல இடங்களில் இருக்கும்.

5. இத்தாலி என்றால் தனி வரிசை

மெடூசாவின் புகழ்பெற்ற முகங்கள் பல இத்தாலியில் இருக்கின்றன. கரவாஜியோ உஃபிசியில். பெர்னினியின் மார்பளவுச் சிலை ரோமின் கபிடோலின் அருங்காட்சியகத்தில். செல்லினியின் வெண்கலப் பெர்சியஸ் புளோரன்ஸின் திறந்த மண்டபமான லோஜியா தெய் லான்சியில், டிக்கெட் இல்லாமல் யாரும் பார்க்கும்படி நிற்கிறது. தலையைத் தூக்கிப் பிடித்திருக்கிறான். அறுபட்ட கழுத்திலிருந்து வெண்கல ரத்தம் கொத்தாகத் தொங்குகிறது.

பொது இடத்தில் நிற்கிறது, படைத்தவர் இறந்து 450 வருடம் தாண்டிவிட்டது, ஆகவே இலவசம் என்றுதான் யாரும் நினைப்போம். இத்தாலியின் 2004ஆம் ஆண்டுப் பண்பாட்டுச் சொத்துச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. அரசின் பொறுப்பில் உள்ள படைப்பின் உருவத்தை லாபநோக்கில் பயன்படுத்த, அதை வைத்திருக்கும் நிறுவனத்தின் அனுமதியும் கட்டணமும் வேண்டும் என்கிறது. பதிப்புரிமை முடிந்ததா என்பதே அங்கே கேள்வியில்லை. சொந்த நினைவுக்கோ படிப்புக்கோ லாபமில்லாமல் எடுக்கும் படத்துக்குத் தடையில்லை.

இது ஏட்டுச் சுரைக்காய் என்று விட்டுவிட முடியாது. 2022இல் போத்திசெல்லியின் வீனஸை உடைகளில் அச்சடித்ததற்காக ஜான் பால் கோத்தியே நிறுவனத்தின் மீது உஃபிசி வழக்குப் போட்டது. 2023இல் மைக்கலாஞ்சலோவின் தாவீதை அட்டையில் போட்ட பத்திரிகையின் பதிப்பாளருக்கு புளோரன்ஸ் நீதிமன்றம் 50,000 யூரோ விதித்தது. மறுபக்கம், இந்த விதி இத்தாலிக்கு வெளியே செல்லாது என்று 2024இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நீதிமன்றம், டாவின்சி ஓவியத்தில் புதிர் அட்டை செய்த நிறுவனத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தமிழ்நாட்டில் மட்டும் விற்கும் தமிழ்ப் புத்தகத்தைத் தேடி யாரும் வருவார்கள் என்று நான் நினைக்கவில்லை. மின்னூலை உலகம் முழுக்க விற்பவர்கள் கேட்டுவிடுவது நல்லது.

கேட்பதானால் முதல் மடலிலேயே இவ்வளவும் இருக்கட்டும். இல்லையென்றால் ஒவ்வொன்றாகக் கேட்டு மடல் போய் வருவதிலேயே மாதம் ஓடிவிடும்:

- படைப்பின் பெயர், கலைஞர், சேர்க்கை எண்
- புத்தகத்தின் பெயர் (ஆங்கில எழுத்திலும்), ஆசிரியர், பதிப்பகம், முகவரி
- மொழி: தமிழ் மட்டும்
- பிரதிகள் எத்தனை, விலை யூரோவில் எவ்வளவு
- அட்டையா, உள்பக்கமா, முழுப்பக்கமா, கால்பக்கமா
- அச்சு மட்டுமா, மின்னூலும் உண்டா. எந்தெந்த நாடுகளில் விற்கும்
- படம் முழுதாக வருமா, வெட்டப்படுமா (வெட்டினால் அட்டையின் மாதிரியை இணையுங்கள்)

விலையை யூரோவில் போடச் சொன்னதற்குக் காரணம் உண்டு. நம் 200 ரூபாய்ப் புத்தகம் அங்கே இரண்டு காபிக் காசுகூட இல்லை என்று அவர்கள் கண்ணால் பார்க்கட்டும். விண்ணப்பத்துக்கு 16 யூரோ முத்திரை வில்லை ஒட்டச் சொல்வதும் உண்டு. அது இத்தாலியக் கடையில் விற்கும் வில்லை. வெளிநாட்டிலிருந்து பணமாகக் கட்ட முடியுமா என்று அதே மடலில் கேளுங்கள். மடல் இத்தாலிய மொழியில் இருந்தால் பதில் சீக்கிரம் வரும் என்பது என் அனுபவம். மொழிபெயர்ப்புச் செயலி போதும், வாக்கியம் சின்னதாக இருக்கட்டும்.

6. படக் கடையில் வாங்குவதானால்

பிரிட்ஜ்மன், ஸ்காலா போன்ற நிறுவனங்களிடம் தரமான கோப்பு உடனே கிடைக்கும். கட்டணம் படத்தின் அளவு, பிரதிகள், மொழி, நாடு, காலம் ஆகியவற்றைப் பொறுத்து மாறும். இணையத்தில் தெரியும் விலையை அப்படியே கட்டாதீர்கள். 'ஒரு மொழி, இந்தியா மட்டும், சிறு பதிப்பு' என்று சொல்லி மேற்கோள் விலை கேளுங்கள், இறங்கி வருவார்கள். ஒரு நிறுவனம் எனக்கு முதலில் அனுப்பிய தொகை புத்தகத்தின் அச்சுச் செலவை எட்டிப் பிடித்தது. விவரம் சொன்னதும் மளமளவென்று குறைந்தது. அப்போதும் அது நியூயார்க்கின் இலவசப் படத்தைவிட அதிகம்தானே! வாங்கவில்லை.

இன்னொரு பொறி: அருங்காட்சியகம் இலவசமாகத் தரும் அதே கோப்பைச் சில படக் கடைகள் விலைபோட்டு விற்கின்றன. காசு கட்டுமுன் படைப்பின் சேர்க்கை எண்ணை எடுத்து, அருங்காட்சியகத்தின் சொந்தத் தளத்தில் ஒருமுறை தேடிவிடுங்கள்.

பணம் அனுப்புவதில் வங்கியோடு மல்லுக்கட்ட வேண்டிவரும். நிறுவனக் கணக்கிலிருந்து அனுப்பினால் இன்வாய்ஸ், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ2 படிவம், வருமான வரிப் படிவம் எல்லாம் கேட்பார்கள். உரிமக் கட்டணத்துக்கு வரி பிடித்தம் உண்டா, இறக்குமதிச் சேவைக்கு ஜிஎஸ்டி யார் கட்டுவது என்பதை ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். கார்டில் கட்டுவது எளிது. சர்வதேசப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் இயக்கி வையுங்கள், மாற்றுக் கட்டணம் தனியாக விழும்.

7. அச்சகத்துக்குப் போகும் முன்

டெமி அளவு ரேப்பரின் முன்பக்கம் 5.5 × 8.5 அங்குலம். 300 டிபிஐ கணக்கில் 1650 × 2550 பிக்சல். கட்டிங்குக்கு நாலாபுறமும் கால் அங்குலத்தில் பாதி கூட்டினால் 1725 × 2625. உங்கள் கோப்பு இதைவிடச் சின்னதென்றால் அட்டைக்கு வேண்டாம். இழுத்துப் பெரிதாக்கினால் பாம்பெல்லாம் கயிறாகிவிடும்.

கனோவாவின் பெர்சியஸ் இடக்கையை நன்றாக நீட்டித் தலையைப் பிடித்திருக்கிறான். நெட்டுவாக்கு அட்டையில் முழுச் சிலையையும் அடக்கினால் தலை பொடியாகிவிடும். கைக்கு மேல் வெட்டினால் மெடூசா மட்டும் அந்தரத்தில் தொங்குவாள். நெருக்கமாக எடுத்த தலைப் படத்தைத் தேடுங்கள், அல்லது முதுகுப்பக்கம் சுற்றிப் பின்னட்டைவரை நீளும்படி வையுங்கள். கரவாஜியோ என்றால் வேறு சிக்கல். கழுத்துக்குக் கீழே ரத்தம் சரம் சரமாகத் தெறித்து நிற்கிறது. புத்தகத் தலைப்புக்கு இடம் வேண்டுமென்று டிசைனர் முதலில் வெட்டுவது அதைத்தான். அது போனால் வெறும் கத்தும் முகம் மிஞ்சும். கேடயத்தின் கரும்பச்சைப் பின்னணி நான்கு வண்ண அச்சில் கறுத்துப்போகும் வாய்ப்பும் உண்டு. மேட் லேமினேஷன் போட்டால் இன்னும் மங்கும். ஒரு புரூஃப் எடுத்து வெயிலில் வைத்துப் பாருங்கள்.

உள்பக்கங்கள் மேப்லித்தோ (பளபளப்பில்லாத சாதாரண வெள்ளை) தாளென்றால் எண்ணெய் ஓவியங்களைத் தவிருங்கள். பானை ஓவியமும் அச்சோவியமும்தான் அதில் தெளிவாக நிற்கும்.

8. பெயர் போடும் வரி

கட்டாயமில்லாத இடத்திலும் போடுங்கள். இம்பிரிண்ட் பக்கத்தில் (பதிப்பு விவரங்கள் வரும் பக்கம்) இப்படி வரலாம்:

அட்டைப்படம்: பெர்சியஸ் மெடூசாவின் தலையுடன், அந்தோனியோ கனோவா, 1804-06, மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், நியூயார்க். சிசி ஜீரோ.

கட்டணம் கட்டி வாங்கிய படத்துக்கு அவர்கள் தரும் வரியை எழுத்து பிசகாமல் போட வேண்டும். தமிழில் எழுதலாமா, ஆங்கிலத்தில்தானா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

9. காலக் கணக்கு

திறந்த தளங்களில் ஒரு மாலைப்பொழுது போதும். படக் கடை என்றால் பேரம் உட்பட ஓரிரு வாரம். அருங்காட்சியக அனுமதி வாரக்கணக்கில் தொடங்கி மாதக்கணக்கில் முடியலாம். ஆகஸ்டில் இத்தாலி முழுக்க விடுமுறை மனநிலைதான், 15ஆம் தேதி வாக்கில் மடலுக்குப் பதிலே வராது. சென்னைப் புத்தகக் காட்சிக்குப் புத்தகம் வர வேண்டுமென்றால் டிசம்பர் தொடக்கத்தில் கோப்பு அச்சகத்தில் இருக்க வேண்டும். அதனால் இத்தாலிக்கு எழுதுவதை ஜூனிலேயே முடித்துவிடுங்கள். செப்டம்பர் கடைசிவரை பதில் இல்லையென்றால் காத்திருக்காமல் மாற்றுப் படத்துக்குப் போங்கள். அந்த மாற்றுப் படத்தை ஜூனிலேயே இறக்கி வைத்திருப்பது உத்தமம்.

அனுமதி தரும் இடங்கள் புத்தகத்தின் இலவசப் பிரதி கேட்பது வழக்கம். வெளிநாட்டுத் தபால் செலவைப் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அனுமதி கடிதத்தில் எத்தனை பிரதி என்று இருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் செல்லும். இரண்டாம் பதிப்பு, மின்னூல், ஒலிநூலின் முகப்பு எதுவானாலும் மறுபடி எழுதிக் கேட்க வேண்டும். கடிதம், இன்வாய்ஸ், பிடிஎஃப் எல்லாவற்றையும் புத்தகத்தின் பெயரில் ஒரே கோப்புறையில் போட்டு, அதன் நகலொன்றைப் பதிப்பாளரிடமும் கொடுத்து வையுங்கள். டிசைனரின் கணினியில் மட்டும் இருந்தால், மறுபதிப்பு வரும்போது அவர் வேறு வேலைக்குப் போயிருப்பார்.